கப்பலில் நான் ஓடிய ஓட்டம்

தில்லி கிட்வாய் நகரிலிருந்து நானும் கணவரும் மட்டும் கிளம்பிப்போன முதல் பயணம் அது. மும்பையில் உல்லாசக் கப்பல் ஏறினோம். இரண்டாம் நாள் கண்ணுக்கெட்டிய தூரம் கடல்தான். மதியம் சாப்பிட்டுவிட்டு அறையில் நிம்மதியாகப் படுத்திருந்தோம்.

திடீரென்று அபாயச் சங்கு அலறியது. கப்பல் மூழ்கப்போகிறது என்றே நினைத்தேன். முழங்கால் ஆபரேஷன் ஆன கணவர் எழுந்திருக்கத் திணறுவதைப் பார்த்தேன். பார்த்தும், கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். நான்கு மாடி ஏறி, படகுகள் தொங்கும் தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"டரியே மத் மேடம், ட்ரில் ஹை," என்றார் கப்பல் ஊழியர். பயப்பட வேண்டாமாம், வெறும் ஒத்திகைதான்.

அதன்பிறகுதான் எனக்கு நிஜமான பயம் வந்தது. கணவர் முகத்தில் எப்படி விழிப்பேன்?

வெகுநேரம் கழித்து, ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். தோளில் இரண்டு மிதவைச் சட்டைகள்.

"உன்னோடதை விட்டுட்டு வந்துட்டியே," என்று மூச்சிரைக்க எனக்கு மாட்டிவிட்டார்.

தில்லி திரும்பியதும் பக்கத்து வீட்டுப் பெண், "கப்பல்ல பயமா இல்லையா அண்ணா?" என்று கேட்டாள்.

"சங்கு ஊதினதும் இவதான் என்னைக் கைபிடிச்சு மேலே கூட்டிட்டுப் போனா," என்றார் அவர்.

நான் மறுக்கவில்லை. இன்றுதான் முதல்முறையாக உண்மையைச் சொல்கிறேன்.