லூப்பைக் காணோம்

இன்று எங்கள் கல்லூரியில் சி என்ற கணினி மொழிக்கான லேப் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர், அன்னூரிலிருந்து வரும் என் மாணவி காயத்ரியிடம் எண்களை வரிசைப்படுத்தும் புரோகிராம் கேட்டார்.

சி மொழியோடு கூடவே வருகிற, வரிசைப்படுத்தித் தரும் கியூசார்ட் ஃபங்ஷனைக் கூப்பிட்டு, இரண்டு எண்களை ஒப்பிட மட்டும் சில வரிகள் எழுதினாள். விடை சரியாக வந்தது.

தேர்வாளர் திரையை மேலும் கீழும் உருட்டினார். "ஏனுங்க அம்மணி, திரும்பத் திரும்ப ஒப்பிடற லூப்பையே காணோமுங்களே?"

"அது ஃபங்ஷனுக்குள்ளார இருக்குதுங்க சார்."

"எனக்குத் தெரியலீங்களே. சொந்தமா எழுதாட்டி ஃபெயிலுங்க."

"விடையைத் திரையில காட்டுன பிரிண்ட்எஃப் ஃபங்ஷனும் அவ எழுதுனதில்லீங்க சார்" என்றேன். அது அவர் காதில் விழவில்லை போலிருக்கிறது.

காயத்ரிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் உட்கார்ந்து, லூப்புக்குள் லூப் போட்டு பபிள் சார்ட் என்ற முறையில் தானே வரிசைப்படுத்தும் புரோகிராம் எழுதிக் காட்டினாள். அதே விடைதான் வந்தது.

"இதுதானுங்க அறிவு" என்று முகம் மலர்ந்து பாஸ் போட்டார்.

பிறகு மதிப்பெண்களைக் கூட்ட, போனில் கால்குலேட்டரைத் திறந்தார்.

சொந்தமாகக் கூட்டச் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. காயத்ரியின் மதிப்பெண்ணை நினைத்து விழுங்கிவிட்டேன். நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?