சோளமாவுப் பையும் அண்ணனின் பட்டறையும்

பொம்மனஹள்ளியில் என் அண்ணன் ஒரு பட்டறை வைத்திருந்தார். பால் கவர், துணிக்கடை கவர், புது சோபாவைச் சுற்றி வரும் பிளாஸ்டிக் தாள் என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பெண்கள் சிலர் உட்கார்ந்து தரம் பிரிப்பார்கள். கழுவி, காயவைத்து மெஷினில் போட்டால் உருகி, மறுபக்கம் கறுப்பு இடியாப்பம் மாதிரி வந்து தண்ணீர்த் தொட்டியில் விழும். அதை நறுக்கினால் மிளகு அளவு மணிகள். தொழிலில் அதற்குத் தானா என்று பேர். ஓசூர் பக்கம் ஒருவர் அந்தத் தானாவை வாங்கித் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் பைப் செய்துகொண்டிருந்தார்.

அண்ணன் என்னைவிட நிறைய வயது மூத்தவர். அப்பா போன பிறகு என் படிப்பு, கல்யாணம் எல்லாம் அவர் பொறுப்பாயிற்று. எவ்வளவு சோப்புப் போட்டாலும் உருகிய பிளாஸ்டிக்கின் நெடி அவர் உடம்பிலிருந்து போகாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வந்தால் மாதா கோவிலில் கடைசிப் பெஞ்சில்தான் உட்காருவார். பக்கத்தில் இருப்பவர்களுக்கு எதற்குத் தொல்லை என்பார்.

கடைகளில் பிளாஸ்டிக் கவருக்குத் தடை வந்த சமயம், என் வீட்டுக்காரருக்குக் கம்பெனி வேலை போயிருந்தது. நாங்கள் ஜீவனஹள்ளியில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்து, சோளமாவுப் பை போடும் மெஷின் ஒன்றை வைத்தோம். பார்க்க பிளாஸ்டிக் மாதிரியே இருக்கும், ஆனால் உரக்குழியில் போட்டால் மக்கிவிடும். பங்குச் சாமியார் வந்து அறையை ஜெபித்து மந்திரித்த அன்று அண்ணனும் வந்தார். முதலில் வந்த பையைக் கையில் எடுத்து இழுத்துப் பார்த்தார்.

“வெண்ணெ மாதிரி இருக்குது. நம்ம வீட்ல நீயாவது சுத்தமான வேல பண்ணும்மா.”

“உன் வேலைக்கு என்னண்ணா கொறச்சல்?” என்றேன். சிரித்துவிட்டுப் போனார்.

பிரேசர் டவுன் பேக்கரிகளும் கறிக்கடைகளும் பூக்காரர்களும் எங்கள் பையை வாங்கத் தொடங்கினார்கள். பூமிக்கு நல்லது செய்கிறோம் என்று வாடிக்கையாளர்கள் சந்தோஷமாக வாங்கிப் போவதை நானே நின்று பார்த்திருக்கிறேன். அந்த வருமானத்தில் வீடு மெதுவாக நிமிர்ந்தது.

அதற்குப் பிறகு ஒரு தவக்காலத்தில் அண்ணன் பட்டறையை மூடிவிட்டார். மெஷினை விற்றுவிட்டதாகப் போனில் சொன்னார்.

“ஏண்ணா திடீர்னு?”

“முட்டி வலிம்மா. மெஷின் பக்கத்துல நிக்க முடியல.”

நான் நம்பினேன். வயதாகிறது, ஓய்வு எடுக்கட்டும் என்றுகூட நினைத்துக்கொண்டேன். ஆனால் அவர் ஓய்வெடுக்கவில்லை. ஓர் அபார்ட்மெண்டில் குப்பை பிரிக்கும் இடத்துக்கு சூப்பர்வைசராகப் போனார். அங்கேயும் நாள் முழுக்க நிற்கிற வேலைதான். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

உண்மையைச் சொன்னது அண்ணி. ஈஸ்டர் முடிந்து ஒரு நாள் அவர்கள் வீட்டில் இஞ்சி பூண்டு உரித்துக்கொண்டிருந்தோம். மூட்டு வலிக்கு நல்ல டாக்டர் ஒருவர் இருப்பதாக நான் சொன்னேன். அண்ணி கத்தியைக் கீழே வைத்தார்.

“முட்டியெல்லாம் ஒண்ணும் இல்ல. தானால மக்கற கவர் கலந்துடுச்சு. அது உருகும்போது கருகிக் கொப்புளம் கொப்புளமா வருதாம். பைப்புல பொடிப் பொடியா ஓட்டை. லோடு திரும்பி வந்துடுச்சு. காயவச்சுப் பாத்தாரு, ஜல்லடை மாத்திப் பாத்தாரு. மறுபடியும் திரும்பிடுச்சு. பைப்காரர் இனிமே வேணாம்னுட்டாரு.”

“மக்கற கவர்னா, என்னுதா அண்ணி?”

“உன்னுதுன்னு எப்படிச் சொல்றது? ஊர்ல எத்தன பேர் போடறாங்க.” கத்தியை மறுபடி எடுத்தார். “பிரேசர் டவுன் பக்கத்து மூட்டைலதான் ஜாஸ்தி இருந்துச்சாம். பொம்பளைங்க எவ்ளோ தடவிப் பாத்தாலும் அதுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியல. உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னாரு உங்க அண்ணன்.”

உரித்த பூண்டு என் மடியில் கிடந்தது. எழுந்து நேராக அண்ணன் வேலை செய்யும் அபார்ட்மெண்டுக்குப் போனேன். பின்பக்கம் தகரக் கொட்டகையில் கையுறை போட்டு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

“ஏண்ணா எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா என்ன பண்ணிருப்ப? மெஷின நிறுத்திருப்ப. உன் வீட்ல அப்பத்தான் ரெண்டு வேள நிம்மதியா சாப்பிட்டீங்க.”

“நிறுத்தணும்னு என்ன இருக்கு? கலர் போட்டிருக்கலாமே. எல்லாப் பையையும் பச்சையா போட்டிருந்தா பட்டறை அக்காங்க பிரிச்சு எடுத்திருப்பாங்கல்ல?”

அண்ணன் கையுறையைக் கழற்றினார்.

“அது எனக்குத் தோணலம்மா.”

“கேட்டிருந்தா எனக்குத் தோணிருக்கும்ணா.”

குப்பை அள்ளும் கசா வண்டி வந்து நிற்க, அவர் டிரம்மை உருட்டப் போனார். எனக்காகத்தான் வாயைத் திறக்காமல் இருந்தார். அதற்கு நன்றி சொல்வதா, கோபித்துக்கொள்வதா என்று தெரியாமல் நின்றேன். இன்றும் எனக்குத் தெரியவில்லை. ஒரு தடவை அவர் ஜீவனஹள்ளிக்கு வந்து அந்தக் கெட்டுப்போன தானாவை என் மேஜையில் கொட்டியிருந்தால் போதும். நாங்கள் சண்டை போட்டிருப்போம். சண்டைக்கு நடுவில் யாராவது ஒருவர் வாயில் அந்தப் பச்சை நிறம் வந்திருக்கும்.

அடுத்த மாதமே நான் பச்சைச் சாயம் வாங்கினேன். கிளிப்பச்சை. இப்போது எங்கள் பைகள் எல்லாம் அந்த நிறத்தில்தான். வேறு இடங்களிலிருந்து வரும் பைகள் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கின்றன. எத்தனையோ பேரிடம் போய்ச் சொல்லிப் பார்த்தேன். ஒருவர் மட்டும் மாற்றினார்.

முதல் கட்டு பச்சைப் பையை அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையை நீட்டி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நல்லாருக்கும்மா. தூரத்துலயே தெரியுது.”

பட்டறையில் வேலை செய்த பெண்களைப் பற்றிக் கேட்டேன். ஒருவர் கார்மெண்ட்ஸுக்குப் போகிறாராம். இன்னொருவர் வீட்டு வேலைக்கு. மற்றவர்களைப் பற்றி அவருக்கும் தெரியவில்லை. பைப்காரர் இன்னும் தொழில் நடத்துகிறாரா என்று கேட்டேன்.

“நல்லா நடத்தறாரு. போன வாரம் வழியில பாத்தேன்.” பையை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். “பழைய பிளாஸ்டிக்கே வேணாம்னு முடிவு பண்ணிட்டாராம். இப்பல்லாம் புது பிளாஸ்டிக்லதான் பைப் போடறாரு.”