அப்பாவின் பெயர் ஏறாத அட்டை

இந்த நாட்டில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது சாவி, பர்ஸோடு உடம்புக்கென்று ஓர் அட்டையையும் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். கம்பெனி கொடுக்கும் இன்சூரன்ஸ் அட்டை. ஊரில் இருக்கும் உங்களுக்குப் புரியும்படி சொன்னால், வியாதிக்கான ரேஷன் கார்டு. அது இல்லாமல் ஆஸ்பத்திரியில் படுத்தால் ஒரு வருடச் சம்பளம் போய்விடும். பொள்ளாச்சியில் எங்கள் ரேஷன் கார்டில், காலமாகிவிட்ட பெரியப்பாவின் பெயருக்கும் வெகுகாலம் சர்க்கரை வாங்கிக்கொண்டிருந்தோம். இங்கே அமெரிக்காவில், நான் குடியிருக்கும் பிஸ்கட்டவேயில் என் அட்டையில், கண்ணெதிரே சோபாவில் உட்கார்ந்திருக்கும் அப்பாவின் பெயரை ஏற்ற முடியவில்லை. அலுவலகத்தில் இதைக் கவனிக்கும் பெண்மணியிடம் கேட்டேன். உங்களைச் சார்ந்தவர்களை மட்டும்தான் சேர்க்கலாம் என்றார். அப்பா என்னைச் சார்ந்துதான் வந்திருக்கிறார் என்றேன். நான் தமாஷ் செய்வதாக நினைத்து, "அவரல்லவா உங்களைச் சேர்க்க வேண்டும்!" என்று சிரித்தார். நானும் மரியாதைக்குச் சிரித்துவைத்தேன்.

அது தொண்ணூற்று நான்காம் வருடம். எல்லோருக்கும் அப்படி ஓர் அட்டை கிடைக்க வேண்டும் என்று ஜனாதிபதி சட்டம் கொண்டுவரப் பார்த்தார். அவர் கட்சியான கழுதைச் சின்னக்காரர்கள் ஆதரித்தார்கள், அதிலும் பாதிப் பேர் முனகிக்கொண்டே. எதிர்க்கட்சியான யானைச் சின்னக்காரர்கள், உங்கள் டாக்டரை இனி அரசாங்கம்தான் தேர்ந்தெடுக்கும் என்று டி.வி.யில் பயமுறுத்தினார்கள். நம்மவர்களைக் கேட்க வேண்டுமா? ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் சனிக்கிழமை பாட்லக் சாப்பாட்டில் புளியோதரைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்துவோம். அந்தக் கூட்டத்தில் இந்த நாட்டில் ஓட்டு உள்ளவர் ஒரே ஒருவர்தான், விருந்து நடக்கும் வீட்டுக்குச் சொந்தக்காரரான டாக்டர் சுந்தரம். மற்றவர்கள் எல்லாம் கிரீன் கார்டுக்கு வரிசையில் நிற்பவர்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. ஊரில் எடுத்த பயண இன்சூரன்ஸ், ஏற்கெனவே இருக்கும் வியாதிக்குச் செல்லாது. அதனால் ஆறு மாதத்துக்கான மாத்திரைகளை வேட்டிகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். நடப்பதற்கு நான் வாங்கிக் கொடுத்த புது ஷூவை வெறுங்காலில்தான் போடுவேன் என்று அடம்பிடித்தவர், திடீரென்று வீட்டுக்குள்ளேயே சாக்ஸ் போட ஆரம்பித்தார். ஒருவழியாகப் பழகிவிட்டார் என்று நானும் மனைவியும் சந்தோஷப்பட்டோம்.

அந்தச் சனிக்கிழமை டாக்டர் வீட்டு ஹாலில் சண்டை உச்சத்தில் இருந்தது.

"கவர்மென்ட் கையில குடுத்தா இங்கயும் ஜி.எச். ஆயிடும். அதுக்கா பிளேன் ஏறி வந்தோம்?" என்றார் டாக்டர்.

"அங்கிள், நமக்கு ஜாப் இருக்கு, கவர் ஆயிடுது. ஜாப் இல்லாதவன் என்ன பண்ணுவான்?" என்றான் என்னோடு வேலை பார்க்கும் முரளி.

"இந்த ஊர்ல டிரீட்மென்ட் இல்லாம யாரும் சாகறதில்லப்பா."

முரளிக்கு ஆதரவாக நான் வாயைத் திறந்தேன். அப்போது அப்பா டீ எடுக்க எழுந்து நடந்தார். வெளிர்நிறக் கார்ப்பெட்டில் அவர் இடது கால் பட்ட இடமெல்லாம் ஈரமாகத் தடம் விழுந்தது. முதலில் பார்த்தவர் டாக்டர்தான். பேச்சை அப்படியே விட்டுவிட்டு அப்பாவின் தோளைப் பிடித்து மாடிக்கு அழைத்துப்போனார். விருந்தாளிகளின் பைகள் குவிந்திருந்த கட்டிலில் ஓரத்தை ஒதுக்கி உட்காரவைத்துச் சாக்ஸைக் கழற்றினார். ஷூ கடித்த புண். கட்டைவிரல் கறுத்திருந்தது. மேலே மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்து அப்பியிருந்தார்.

"என்னங்கப்பா இது, சொல்லவே இல்லியே?" என்றேன்.

"சொன்னா ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போவியேன்னுதான் கண்ணு."

ஐந்தாவது படிக்கும்போது நான் கொய்யா மரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டேன். அப்பா சைக்கிள் பாரில் என்னை உட்காரவைத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். ஒரு யோசனையும் இல்லாமல் மிதித்தார். நான் இந்தக் கட்டில் பக்கத்தில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"உடனே அட்மிட் பண்ணணும்," என்றார் டாக்டர். பிறகு என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "இன்சூரன்ஸ்?" என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன். கீழே முரளியின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

"டிக்கெட்டை ப்ரீபோன் பண்ணிடு. ஆன்டிபயாடிக் சாம்பிள் இருக்கு, தரேன். ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் தாங்கும்னு நினைக்கறேன்," என்றார் டாக்டர்.

அவர் முகத்தில் வெட்கம் தெரிந்தது. நல்ல மனிதர், மறுநாளும் வீட்டுக்கு வந்து கட்டு மாற்றிவிட்டுப் போனார். என் வெட்கம் வேறு. "நானே போயர்லாம்னுதான் இருந்தேன் கண்ணு, இங்க பொழுதே போகறதில்ல," என்று அப்பா சொன்னாரே, அப்போது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அன்று கார்ப்பெட்டைத் துடைக்கக் குனிந்த என் மனைவியை டாக்டரின் மனைவி தடுத்துவிட்டார். கிளம்பும்போது ஹாலில் எல்லோரும் அப்பாவுக்கு வழிவிட்டு நின்றார்கள்.

அந்தச் சட்டம் ஓட்டெடுப்புக்கே வராமல் இலையுதிர் காலத்தில் செத்துப்போனது. அதற்கு முன்பே ஊரில் அப்பாவுக்கு விரலை எடுத்துவிட்டார்கள். தனியாருக்குப் போங்கள், பணம் அனுப்புகிறேன் என்று நான் கெஞ்சியும் கேளாமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்கே போயிருந்தார். போனில் உற்சாகமாகப் பேசினார்.

"சின்ன வயசு டாக்டரு கண்ணு, தங்கமான பையன். மகன் அமெரிக்காவுலன்னதும், அங்கயே பாத்திருக்கலாமேன்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அங்க இத்தன வசதி இல்லீங்னு சொன்னேன். நான் வேடிக்கை பண்றேன்னு நெனச்சுச் சிரிச்சுட்டான். அந்தத் தம்பியும் அமெரிக்கா வரப் பரீட்சைக்குப் படிக்குதாம். உன்ற நம்பரக் குடுத்திருக்கறேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அந்த டாக்டர் கூப்பிட்டார். அப்பாவின் புண் ஆறிவருகிறது, கவலைப்படாதீர்கள் என்று முதலில் சொன்னார். நன்றி சொன்னேன். பிறகு அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார், அங்க ஹாஸ்பிடல் எல்லாம் எப்படிங்க சார் இருக்கும்?"

"ரொம்ப நல்லா இருக்கும்ங்க," என்றேன்.