சட்டைப் பையில் ஓர் ஓட்டு

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரோ ஒருவர் போட்ட ஓட்டை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். திருடவில்லை... ஞாபகார்த்தமாக. பிறகு, அதை யார் கையில் கொடுக்கவே கூடாதோ அவரிடமே கொடுக்கவும் போனேன்.

காரணம் பயம். இதைவிடக் கௌரவமான காரணம் ஏதாவது அகப்படுமா என்று மூன்று வாரமாகத் தேடினேன். அகப்படவில்லை.

மலாக்கா டவுனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அப்புறம் செம்மண் பாதையில் அரை மணி நடை. அங்கே ஒரு ரப்பர்த் தோட்டம். பெயர் சொல்ல மாட்டேன். அந்தத் தோட்டத்தில் கூலிகளுக்கெல்லாம் மேலாளான பெரிய கங்காணி, பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை வாரம் தவறாமல் ஆள் வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்கிறவர். என் அபிமானி! அபிமானிகளிடம் எனக்கு இப்போது மிகுந்த மரியாதை.

அந்தத் தோட்டத்து வாலிபர் சங்கத்தார் போன மாதம் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு: ஜனநாயகம். ஒன்றரை மணி நேரம் பேசினேன். கிரேக்க தேசத்தில் ஆரம்பித்து, ரோமாபுரி வழியாக லண்டன் பார்லிமெண்டுக்கு வந்து சேர்வதற்குள் பெரியவர்கள் பாதிப்பேர் தூங்கிவிட்டார்கள். முன்வரிசையில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் மட்டும் தூங்கவில்லை. தூங்காதவர்களைக் கண்டு நான் சந்தோஷப்பட்டேன். எவ்வளவு பெரிய முட்டாள்!

பேச்சு முடிந்ததும் ஒரு பெண் எழுந்தாள். பெயர் அஞ்சலை. வயது பதினேழு. தோட்டப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்துவிட்டு, பதினாலு வயதிலிருந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள்.

"ஐயா, நீங்க சொன்னதெல்லாம் அங்க. இங்க எப்பங்க?"

மேடையில் நிற்கிறவன் இதற்கு என்ன சொல்வான்? "நீங்கள் நினைத்தால் இன்றைக்கே!" என்றேன். கைதட்டல். மாலை. மாலையை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் கொடுத்தேன். அவள் அதில் பாதியைச் சாமி படத்துக்குப் போட்டாள்.

பத்தாம் நாள் அந்தப் பிள்ளைகளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. 'அன்புள்ள ஐயா, நீங்கள் சொன்னபடி நினைத்துவிட்டோம். அடுத்த ஞாயிறு எலெக்ஷன். தாங்கள் வந்து எண்ணித் தர வேண்டும்.'

படித்ததும் கடிதத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

எதற்கு எலெக்ஷன்? தோட்டத்தில் ஒரு பஞ்சாயத்து உண்டு. கோழிச் சண்டை, குழாயடிச் சண்டை, கள்ளுக்கடைச் சண்டை — இவற்றைத் தீர்ப்பதற்கு. அதன் தலைவர் பெரிய கங்காணி. எப்போதிலிருந்து? மழை எப்போதிலிருந்து பெய்கிறது? அந்த மாதிரி. யாரும் கேட்டதில்லை. இந்தப் பிள்ளைகள் கேட்டுவிட்டார்கள். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சிரித்துக்கொண்டே, "செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டாராம். துரைக்கு என்ன? சிரித்துவிட்டு பங்களாவுக்குப் போய்விடுவார். பால் வெட்ட யாருக்கு எந்த மர நிரை, யாருக்கு லீவு, யார் பெயர் செக்ரோல் என்ற ஆள் கணக்குப் புத்தகத்தில் இருக்கும், யாருடையது வெட்டுப்படும் — எல்லாம் கங்காணியின் வாயில் இருக்கிறது.

கடிதத்தில் இரண்டு கேள்விகளும் இருந்தன. ஒன்று, எத்தனை வயதிலிருந்து ஓட்டு? இரண்டு, எழுதத் தெரியாதவர்களே அதிகம் என்பதால் இரண்டு டின் வைத்து ரப்பர்க் கொட்டை போடச் சொல்லப் போகிறோம். ஒரு கூடை கொட்டையை நாங்களே பொறுக்கி வைத்து ஆளுக்கு ஒன்று கொடுக்கலாமா?

'இருபத்தொரு வயது' என்று பதில் எழுதினேன். இங்கிலாந்தில் அப்படித்தான். கொட்டை விஷயத்தில் என் பேனா துள்ளிவிட்டது. 'உரிமை என்பது பிறர் கூடையிலிருந்து வாங்குவதல்ல. அவரவர் கொட்டையை அவரவரே கொண்டு வரட்டும்!' எழுதிவிட்டு இரண்டு முறை படித்துப் பார்த்தேன். அபாரமாக இருந்தது.

இந்த ஒரு வாக்கியம் ஒரு குடும்பத்தை மலை ஏற்றும் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஞாயிறு காலை போனேன். போகாமலிருக்கக் காய்ச்சல் வருமா என்று பார்த்தேன். வரவில்லை. "மாலைய வாங்கினீங்கல்ல? போங்க" என்று மனைவி குடையை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

பள்ளிக்கூடக் கொட்டகையின் ஒரு மூலையில் சாக்குத் திரை. திரைக்குப் பின்னால் இரண்டு மண்ணெண்ணெய் டின்கள். ஒன்றில் தலைப்பாகைப் படம், அது கங்காணி. இன்னொன்றில் வண்டிச் சக்கரம், அது மாட்டுவண்டி சுப்பையா. ஒருவர் மட்டும் நின்றால் எலெக்ஷன் ஆகாதே என்று பிள்ளைகள் கெஞ்சிக் கூத்தாடி அவரை நிறுத்தியிருந்தார்கள். அவர் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, நான் தோத்துடுவேன்ல?"

"அது மக்கள் கையில்..."

"அப்படிச் சொல்லாதீங்கய்யா. தோத்துடுவேன்னு சொன்னதாலதான் நின்னேன். அஞ்சல, நீ சத்தியம் பண்ணல?"

"மாமா, சும்மா இருங்க மாமா" என்றாள் அஞ்சலை. பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஐயா, நான் முழு நிரை வெட்டுறேன். எங்கப்பாவுக்கு எத்தன மரமோ அத்தன மரம் எனக்கும். ஓட்டு மட்டும் கெடையாதா?"

இருபத்தொன்று என்று விதியை மறுபடியும் சொன்னேன். பெரிய மனிதனின் குரலில்.

"சரிங்க. விதின்னா விதிதான்" என்றாள்.

டின்களை எட்டிப் பார்த்தேன். இரண்டுக்குள்ளும் பழந்துணி திணித்திருந்தது. எதற்கென்று கேட்டேன்.

"வெறும் டின்னுல போட்டா டக்குன்னு சத்தம் கேக்கும்ங்க. எந்தப் பக்கம் கேட்டுச்சுன்னு வெளிய நிக்கிறவங்க கண்டுபிடிச்சிருவாங்க. ரகசியம்னு சொன்னீங்களே."

சொன்னேனா? ஒன்றரை மணி நேரப் பேச்சில் எங்கேயோ ஓர் இடத்தில் சொல்லியிருப்பேன். கிரேக்கத்தையும் ரோமாபுரியையும் விட்டுவிட்டு, இந்தப் பெண் அந்த ஒரு சொல்லைப் பொறுக்கிக்கொண்டு போய்ப் பழந்துணி தேடியிருக்கிறாள்.

ஓட்டு ஆரம்பமாயிற்று. தோட்டத்தில் அப்படியொரு அமைதியை நான் கேட்டதில்லை. ஆணும் பெண்ணும் கையைப் பொத்திக்கொண்டு திரைக்குள் போனார்கள். வெளியே வரும்போது ஒருவர் முகத்தையும் பார்க்காமல் வந்தார்கள். ஒரு மனிதர் மட்டும் வெளியே வந்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டி, "நான் கங்காணியாருக்குத்தான் போட்டேன்!" என்று கத்தினார்.

"சித்தப்பா, சொல்லக் கூடாது!" என்று அதட்டினாள் அஞ்சலை.

"சொன்னாத்தானம்மா தெரியும்!"

பகல் இரண்டு மணிக்கு எண்ணினேன். மொத்தம் அறுபத்து மூன்று கொட்டை. தலைப்பாகை டின்னில் அறுபத்திரண்டு. சக்கர டின்னில் ஒன்று.

ஒன்று! சுப்பையா தனக்குத் தானே போட்டுக்கொண்டது என்று நினைத்தேன். முடிவைச் சொன்னதும் அவர் வெளிறிப்போனார். "நான் இல்ல! சத்தியமா நான் இல்ல! எவன்டா எனக்குப் போட்டது?" என்று கூட்டத்தைப் பார்த்து அலறினார். கூட்டம் ஓரடி பின்னால் நகர்ந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்தில் நிற்கிறவரைவிட்டு எல்லோரும் கொஞ்சம் விலகி நின்றார்கள்.

எனக்கோ கவிதை பொங்கிவிட்டது. அந்த ஒற்றைக் கொட்டையைத் தூக்கிப் பிடித்து, "இதுதான் ஜனநாயகத்தின் விதை!" என்றேன். யாரும் கைதட்டவில்லை. இந்தப் பத்தியில் எழுத உதவும் என்று அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அறுபத்திரண்டு கொட்டையும் டின்னுக்குத் திரும்பிப் போயின.

அப்போதுதான் கங்காணி உள்ளே வந்தார். வெள்ளைக் கோட்டு, தலைப்பாகை, சந்தனம். கூட்டம் தானாக வழிவிட்டது.

"வாழ்த்துகள்" என்றேன்.

"எல்லாம் உங்க ஆசீர்வாதம்ங்க. நல்லா நடத்துனீங்க." சிரித்தார். கையை நீட்டினார். குலுக்குவதற்கு என்று நினைத்து நானும் நீட்டினேன். அவர் உள்ளங்கையை மேலே திருப்பினார்.

"அந்த ஒத்தக் கொட்டையக் குடுங்கய்யா. பாத்துட்டுத் தர்றேன்."

"கொட்டையில் என்ன பார்ப்பதற்கு?" என்று கேட்டேன். டவுன்காரன்... எனக்கு என்ன தெரியும்?

"கித்தாக்கொட்ட மேல கோலம் இருக்கும்ங்க. ஒரு மரத்துக் கோலம் இன்னொரு மரத்துக்கு வராது. இங்க இருக்கிற மரம் எல்லாத்தையும் இருவது வருசமாப் பாக்குறேன். கொட்டையப் பாத்தா மரத்தச் சொல்லிருவேன். மரத்தச் சொன்னா நிரையச் சொல்லிருவேன்." மறுபடி சிரித்தார். "சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

நிரையைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி.

கொட்டகையில் நின்றவர்களைப் பார்த்தேன். எல்லோருக்கும் இது தெரியும். பிறந்ததிலிருந்து கொட்டை பொறுக்கி விளையாடியவர்கள். காலையில் அவரவர் நிரையில் குனிந்து ஒன்றை எடுத்தபோதே தெரிந்திருக்கும். அதனால்தான் அறுபத்திரண்டு. அவரவர் கொட்டையை அவரவரே கொண்டு வரட்டும் என்று எழுதிய மகானுபாவனுக்கு மட்டும் தெரியாது.

என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வாசகர்களுக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் என் மண்டைக்குள் ஓடியதெல்லாம் வேறு. கங்காணி துரையிடம் சொல்வார், துரை போலீசிடம் சொல்வார், கூலிகளைத் தூண்டிவிட்டவன் என்று என்னை நாடுகடத்தி நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றிவிடுவார்கள்... என் கை பையைத் தேடிப் போயிற்று. கொட்டையை எடுத்தது. நீண்டது.

"ஐயா, அதை இங்க குடுங்க. நான் இன்னும் நோட்டுல எழுதி முடிக்கல."

என் விரல்களிலிருந்து அஞ்சலை அதை எடுத்துக்கொண்டாள். அறுபத்திரண்டு கொட்டை கிடந்த டின்னுக்குள் போட்டாள். பழந்துணியும் கொட்டையும் இருந்த டின்... சத்தமே கேட்கவில்லை. டின்னைத் தூக்கி இரண்டு முறை குலுக்கினாள். அதற்குப் பிறகுதான் நோட்டைத் திறந்து எழுதினாள்.

கங்காணி அந்த டின்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதும்மா அது?"

"தெரியலைங்க. எல்லாம் கலந்துபோச்சு. ரகசியம்னு சொல்லித்தான் எல்லார்கிட்டயும் வாங்குனோம்." டின்னை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"சரி. ஜெயிச்சது நாந்தானே." கோட்டை நீவிவிட்டுக்கொண்டார். "உங்கப்பா இப்ப எந்த நிரை வெட்டுறாரு?"

"ஆத்தோர நிரைங்க."

"நல்ல நிரை" என்றார் கங்காணி. என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

நானும் போனேன். கிடைத்த முதல் பஸ்ஸில். அன்றைக்கே பேச்சுக் குறிப்புகளையெல்லாம் அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தேன். வாசலில் சைக்கிள் மணி கேட்டால் பின்கட்டுக்கு ஓடினேன். நாலாம் நாள் சோற்றில் கிரேக்க தேசம் வந்தபோது மனைவிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "இதப் போலீஸ்காரன் படிச்சாலும் ரெண்டாம் பக்கம் தாண்ட மாட்டான். பயப்படாம சாப்பிடுங்க" என்றாள்.

நமக்கு ஒரு நினைப்பு உண்டு. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உரிமை தெரிகிறது, கடமை தெரியவில்லை என்று. நானே இந்தப் பத்தியில் இரண்டு முறை எழுதியிருக்கிறேன். மூன்றாவது முறை எழுத இப்போது கை வரவில்லை.

போன ஞாயிறு டவுன் பாசாரில், கருவாட்டுக் கடை முன்னால் அஞ்சலையைப் பார்த்தேன். முதலில் ஒரு தூணுக்குப் பின்னால் மறையலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். கணுக்காலெல்லாம் அட்டை கடித்த தடம்.

எலெக்ஷனுக்கு மறுநாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டிலேயே மாற்றிவிட்டார்களாம். அப்பா, அம்மா, அவள் — மூன்று பேருக்கும் மலைக்காட்டு நிரை. பால் வாளியோடு ஏறி இறங்கினால் மூச்சு நின்றுவிடும் மேடு. மழை பெய்தால் வழுக்கும். அம்மா அழுதாளாம். அப்பா இரண்டு நாள் அவளோடு பேசவில்லையாம். மூன்றாம் நாள் விடியலில் அவர் தன் கத்தியைத் தீட்டுவதற்கு முன்னால் அவளுடைய கத்தியை எடுத்துத் தீட்டிக் கொடுத்தாராம்.

"ஓட்டே இல்லாத உனக்கு இந்தத் தண்டனையா அம்மா?" என்றேன்.

"அதத்தான் நானும் நெனச்சேன்ங்க" என்று சிரித்தாள்.

குரலைத் தணித்துக் கேட்டேன். "அது யாருடைய கொட்டை என்று உனக்காவது தெரியுமா?"

"தெரியும்ங்க. நீங்க தூக்கிக் காட்டுனப்பவே கோலம் தெரிஞ்சிருச்சு."

"யார்?"

கங்காணியைப் பார்த்த அதே பார்வையால் என்னையும் பார்த்தாள். "பாத்தீங்களா... நீங்களும் கேக்குறீங்க."

தலைகுனிந்தேன். இதைப் பத்திரிகையில் எழுதலாமா, கங்காணிக்குத் தெரிந்தால் உனக்கு ஆபத்தா என்று கேட்டேன். "எழுதுங்க. இதுக்கு மேல ஏத்துறதுக்கு எங்க தோட்டத்துல மல கெடையாது" என்றாள்.

கொஞ்சம் தைரியம் வந்தது. கொஞ்சம்தான். "அன்றைக்கு நான்கூட அவரிடம் கொடுத்திருக்க மாட்டேன், அஞ்சலை. சும்மா எடுத்துக் காட்டத்தான் கையை நீட்டினேன்" என்றேன்.

அவள் கருவாட்டுப் பொட்டலத்தைக் கூடைக்குள் வைத்தாள். வாழை இலையை மேலே மூடினாள். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

"நீங்க நல்லாப் பேசுறீங்கய்யா" என்றாள். "அடுத்த தடவ வரும்போது மட்டும் பை இல்லாத சட்டையாப் போட்டுக்கிட்டு வாங்க."