மைக்கில் சொன்ன ஜெபக் குறிப்பு

குழாய்க்காரருக்கு உலகத்தில் எந்த நாற்றமும் பெரிசில்லை. அடைத்துக்கொண்ட கழிவுக் குழாய்க்குள் முழங்கை வரை விட்டுத் துழாவிவிட்டு, கையைக் கழுவி உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுகிற மனுஷன். ஆனால் 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்று யாராவது சொன்னால் போதும், குமட்டிக்கொண்டு வரும்.

சொல்வது வேறு யாருமில்லை, அவர் போகிற சபைதான். புதுப் போதகர் வந்ததும் சபையைச் சின்னச் சின்னக் கூட்டமாகப் பிரித்து 'குடும்ப வட்டம்' என்று பேர் வைத்தார். இனி சார், மேடம் கிடையாதாம். அண்ணன், அக்கா, தம்பி, தங்கச்சிதானாம். இவருடைய வட்டத்துக்கு மூத்த அண்ணன், ரிட்டயர் ஆன பேங்க் மேனேஜர் ஒருவர். அடேயப்பா, அந்த ஆள் கட்டிப்பிடிக்கிற பிடி இருக்கிறதே! சட்டையைத் துவைத்தாலும் சென்ட் வாடை போகாது.

குழாய்க்காரரின் மனைவி பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. அதனால் வெள்ளிக்கிழமை வட்டம் அவர் வீட்டிலேயே கூடும். கட்டிலைச் சுற்றி நாற்காலி, பாட்டு, ஜெபம், அப்புறம் டீயும் பிஸ்கட்டும் ஊர்வம்பும். கிளம்பும்போது ஆளாளுக்கு அவள் கன்னத்தைத் தடவி "எங்க செல்லம்" என்பார்கள். சே, என்ன நடிப்புடா சாமி என்று இவர் சமையலறையில் டம்ளர்களை ணங்கு ணங்கென்று வைப்பார்.

ஒரு ஞாயிறு ஆராதனையில் மேனேஜர் மைக்கைப் பிடித்தார். "நம்ம குழாய்க்காரத் தம்பி வீட்டுத் தங்கச்சிக்காக ஜெபிப்போம். பாவம், அடக்க முடியாம எல்லாம் படுக்கையிலயே போயிடுது."

மொத்தச் சபையும் திரும்பி இவரைப் பார்த்தது. உடம்பெல்லாம் கூசிப் போயிற்று. ஆராதனை முடிந்ததும் வாசலில் மேனேஜரைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டு மானத்தைச் சந்தி சிரிக்க வெச்சுட்டு, குடும்பமாம் குடும்பம்! இனிமே ஒருத்தரும் என் வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது."

மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இவர் பேசவே விடவில்லை.

வெள்ளிக்கிழமை இவர் வேலை முடிந்து வந்தபோது, மனைவி அசைகிற ஒரு கையால் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் நாற்காலி எடுத்துப் போடலையா?"

"யாரும் வர மாட்டாங்க. மைக்குல உன் மானத்தை வாங்கினாங்க, துரத்திட்டேன்."

சீப்பு நின்றது. "அதைச் சொல்லச் சொன்னதே நான்தாங்க."

"உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"எல்லாருக்கும் தெரிஞ்சா, யாராவது ஒரு பொம்பளை துணி மாத்திவிட வருவாளேன்னுதான்."

"ஏன், நான் மாத்தலையா? ஒரு நாளாவது விட்டிருக்கேனா?"

"மாத்துறீங்க, இல்லைன்னு சொல்லலை." அவள் அவரை நேராகப் பார்த்தாள். "அவங்களைக் கண்டா ஒரு மூஞ்சி வெச்சுக்குவீங்களே, அருவருப்பா. துணி மாத்துறப்ப எனக்கும் அதே மூஞ்சியைத்தான் காட்டுறீங்க."

குழாய்க்காரர் நாற்காலிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலைச் சுற்றிப் போட்டார். போனை எடுத்தார்.

"அண்ணே, நான்தான். கோபத்துல பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. எல்லாரும் வாங்க. அண்ணியைக் கொஞ்சம் முன்னாடியே வரச் சொல்லுங்க. இவளுக்குத் துணி மாத்தணும்."

"தோத்திரம்! தம்பின்னா தம்பி, என் செல்லத் தம்பி!" என்று மறுமுனை கத்தியது.

குழாய்க்காரருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அவள் பார்த்துவிடாதபடி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.