கிருபாநிதி அண்ணாச்சி சொன்ன 'வாரேன்'

கிருபாநிதி அண்ணாச்சியைப் பற்றித் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கதை சொல்வார்கள். லண்டனுக்குக் கூப்பிட்டார்களாம், இங்கிலீஷில் பதில் சொல்லத் தெரியாமல் முழித்தாராம், கப்பல் போய்விட்டதாம். இதைச் சொல்லிச் சிரிக்கிறவன் எவனாக இருந்தாலும் என் முன்னால் வந்து சொல்லட்டும். பதினைந்து வருஷம் விமானப்படையில் ஃபிட்டராக இருந்த மனிதர் அவர். அவர் எழுதிய இங்கிலீஷைத் திருத்த எங்கள் மானேஜரே பயப்படுவார். அவரைக் கெடுத்தது இங்கிலீஷ் இல்லை, தமிழ். தமிழிலும் ஒரே ஒரு வார்த்தை. அதில் என் பங்கும் இருக்கிறது, அதனால்தான் நானே சொல்லுகிறேன்.

அவர் நாசரேத்துக்காரர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து முடித்த கையோடு, 1942-இல், யுத்தம் நடக்கிற சமயத்தில் விமானப்படையில் சேர்ந்தார். பர்மா எல்லையில் மூங்கில் கொட்டகைகளுக்குள் மழையும் சகதியுமாக நின்று ஸ்பிட்ஃபயர் விமானங்களுக்கு என்ஜின் பார்த்தவர். ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபோது இங்கே அவர் கைக்கு ஏற்ற வேலை எங்கே இருக்கிறது? ஆகாயத்தில் பறக்கிறது என்றால் எங்கள் ஊரில் காக்காயும் கடல்புறாவும்தான். கடைசியில் எங்கள் கிளியரிங் ஏஜென்சியில், வருகிற போகிற சரக்கை எண்ணி எழுதும் டாலி கிளார்க்காகச் சேர்ந்தார். நான் அங்கேயே டைப்பிஸ்ட். பெயர் சங்கரபாண்டியன்.

அவர் மனைவி அற்புதமணி 1971-இல் இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. அதற்குப் பிறகு கீழூரில் ஒற்றை அறையில் இருந்தார். இரண்டு வேளை கடைச் சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை, கடைசி பெஞ்சில் ஓரமாக ஓர் இடம். ஆபீசில் நாங்கள் எல்லோரும் அவரிடம் மரியாதையாகத்தான் இருந்தோம். ஆனால் சாயங்காலம் ஐந்தரைக்குப் பிறகு அவர் என்ன செய்கிறார், யாரோடு பேசுகிறார் என்று ஒருத்தனும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

1978 பிப்ரவரியில் கயத்தாறு வழியாக மூன்று லாரிகளில் பெரிய பெரிய மரப்பெட்டிகள் வந்து சேர்ந்தன. பெட்டிகளுக்குள் இருந்தது ஒரு ஸ்பிட்ஃபயர். வடக்கே ஏதோ கல்லூரி மைதானத்தில் வெயிலிலும் மழையிலும் கிடந்த யுத்தகாலத்து விமானம் அது. பார்லோ என்கிற வெள்ளைக்காரர் அதை வாங்கி, கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் ஒரு வருஷம் உட்கார்ந்து பழுது பார்த்திருந்தார். என்ஜினை ஓட்டிப் பார்த்தாயிற்று. இனி சிறகு வேறு உடம்பு வேறாகக் கப்பலேற்றி, இங்கிலாந்தில் மறுபடி பூட்டி, கோடைகால விமானக் கண்காட்சிகளில் ஜனங்கள் பார்க்கப் பறக்கவிட வேண்டும். அதுதான் பார்லோவின் திட்டம்.

சிறகு இருந்த பெட்டியை இறக்கும்போது ஆட்கள் அதைப் பாய் விரித்தாற்போல் படுக்கப் போடப் பார்த்தார்கள். டாலி புத்தகத்தோடு நின்ற கிருபாநிதி அண்ணாச்சி புத்தகத்தைக் கீழே எறிந்துவிட்டு ஓடினார்.

"ஏலே, படுக்கப் போடாத! நிமித்தி வைங்கலே, முன்பக்கம் கீழ இருக்கட்டும்!"

அந்த மனிதர் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான். பார்லோவும் திரும்பிப் பார்த்தார். இரண்டு பேரும் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார்கள். அந்தப் பேச்சு மத்தியானச் சாப்பாட்டையும் தாண்டி ஓடியது.

கப்பலுக்குத் தளம் கிடைக்க நாலு நாள் ஆயிற்று. ஒரு காலை நேரம் தவிர, அந்த நாலு நாளும் அண்ணாச்சி பெட்டிகளை விட்டு அசையவில்லை. புதுத் துறைமுகத்தில் உப்பளத்துக் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். துருவேறிப் பூட்டில் சாவி நுழையாது. அவர் பெட்டிகளைத் திறக்கச் சொல்லி, உலோகம் தெரிகிற இடமெல்லாம் கிரீஸ் தடவி, மெழுகுத்தாள் சுற்றி, மறுபடி மூடினார். சிறகைப் பூட்டும் ஆணிகளைத் துடைத்து, இடது வலது என்று தனித்தனியே துணியில் முடிந்து வைத்தார். பார்லோ பக்கத்தில் உட்கார்ந்து மக்ரூன் தின்றுகொண்டே பார்த்துக்கொண்டிருப்பார். அண்ணாச்சி சிரித்ததை அந்த நாலு நாளில்தான் பார்த்தேன். முன்பல் ஒன்று இல்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

இரண்டாம் நாள் பார்லோ அவரைக் கேட்டார். இந்த என்ஜினைக் காதால் கேட்டே நோய் சொல்லக்கூடிய ஆட்கள் எங்கள் ஊரிலேயே குறைந்துபோனார்கள், நீங்கள் வந்து பூட்டிக் கொடுங்கள், ஆறு மாசம் கண்காட்சி முடியும்வரை கூட இருங்கள், போய்ச் சேர்ந்ததும் டிக்கெட்டும் கடிதமும் அனுப்புகிறேன், கப்பல் கிளம்பும் முன் பதில் சொன்னால் போதும் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றார் அண்ணாச்சி. மறுநாள் காலை லீவு போட்டு நாசரேத்துக்குப் போய் மனைவியின் கல்லறையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். வந்தவர் டிரங்குப் பெட்டியில் இருந்த பழைய விமானப்படைக் கம்பளிக் கோட்டை எடுத்து வந்து சரக்குக் கிட்டங்கிச் சுவரில் வெயிலுக்குப் போட்டார். மூட்டை தூக்குகிறவர்கள் விடுவார்களா? "அண்ணாச்சி, உப்பளத்துல பனி கொட்டுதாக்கும்?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவருக்குக் கோபம் வரவில்லை.

என்னிடம் மட்டும் சொன்னார்: "போலாம்னு இருக்கேன்லே. அங்கன ஒருத்தன் நம்மளத் தேடுதான் பாரு."

இனி என் பெருமையைக் கேளுங்கள். அன்று சாயங்காலம் பார்லோ ஆபீசில் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். ஆட்கள் ஒவ்வொருவராக, வாரேன், வாரேன் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அதைக் கேட்டுவிட்டு அவர் ஒரு சந்தேகம் கேட்டார். கோயம்புத்தூரிலும் பட்டறை ஆட்கள் இப்படித்தானாம். வருகிறேன் என்பார்கள், ஆனால் போவார்கள். விளக்கம் கேட்டால் சிரிப்பார்களாம். நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். எங்கள் பக்கம் புறப்படுகிறவன் 'போறேன்' என்று சொல்லவே மாட்டான், அது செத்துப்போகிறவனுக்கு ஆகிற வார்த்தை, அதனால் 'வாரேன்' என்போம், உங்கள் குட்பைக்குத் தமிழ் அதுதான் என்று வாத்தியார் மாதிரி சொன்னேன். சட்டைப்பையில் இருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். நானே எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.

நாலாம் நாள் கப்பலேற்றம். சரக்குத் தூக்கும் வின்ச்சுகள் போட்ட இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்காது. கடைசிப் பெட்டியும் உள்ளே போயிற்று. அதே கப்பலில் போகிற பார்லோ ஏணியில் பாதி ஏறியவர், திரும்பிக் கீழே அண்ணாச்சியைப் பார்த்து, என்ன முடிவு என்று சத்தமாகக் கேட்டார். அண்ணாச்சி இரண்டு நாளாக ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தார். விமானத்தோடு வருவதை நான் பெரிய கௌரவமாகக் கருதுகிறேன் ஐயா என்று அழகான இங்கிலீஷ். என்னிடம் இரண்டு முறை ஒப்பித்துக்கூடக் காட்டியிருந்தார். ஆனால் அந்த நேரத்தில் அவ்வளவு நீள வாக்கியத்துக்கு அவருக்குப் பொறுமை இல்லை. கண் கலங்கியிருந்தது. இரண்டு கையையும் நெஞ்சில் வைத்து, உள்ளே இருந்தது அப்படியே வெளியே வந்தாற்போல் சொன்னார்.

"வாரேன் சார்!"

பார்லோவின் முகம் வாடியது. பிறகு ஏணியில் இறங்கி வந்து அண்ணாச்சியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாரேன், கிருபா" என்று எங்கள் காதில் விழும்படி சொல்லிவிட்டு ஏறிப் போனார். புறப்படுகிறவர் வாரேன் என்றுதானே சொல்லுவார்? அண்ணாச்சிக்கு ஒன்றும் தோன்றவில்லை. துரைக்கு நம்ம பேச்சு நல்லா வருது என்று சந்தோஷப்பட்டார். பக்கத்திலேயே நின்ற எனக்கும் தோன்றவில்லை. மடையன் நான், பிரிகிற வருத்தத்தில் முகம் வாடுகிறது என்று நினைத்தேன்.

அதற்கப்புறம் காத்திருப்புதான். மே மாசம் புறப்படுகிறேன் என்று மானேஜரிடம் சொல்லிவிட்டார். மானேஜர் அவருடைய மேசைக்கு வெள்ளத்துரை என்பவரைப் போட்டார். மே வந்தது, கடிதம் வரவில்லை. ஜூனில் மதராஸிலிருந்து பாஸ்போர்ட் வந்தது. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார். மேசை போய்விட்டதால் கிட்டங்கி வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, கொடுத்த வேலையைச் செய்தார். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் எழுந்து நிற்பார். இல்லை என்று தபால்காரர் கையை ஆட்டினால் உட்கார்ந்துவிடுவார்.

நீங்கள் ஒரு வரி எழுதிப் போடுங்கள் என்று நான் சொல்லாமல் இல்லை. கூப்பிட்டவன் எழுதட்டும், நாம் முந்திக் கேட்டால் பிச்சை கேட்கிற மாதிரி ஆகிவிடும் என்றார். எனக்காவது புத்தி இருந்ததா? சரக்குக் காகிதங்களில் பார்லோவின் விலாசத்தை அடித்தவனே நான். அவருக்குத் தெரியாமல் ஒரு கடிதம் அடித்துப் போட எத்தனை நேரம் ஆகும்? ஜூலையும் ஆகஸ்டும் போயின. கம்பளிக் கோட்டை மறுபடி டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அக்டோபர் கடைசியில், மழை பிடித்த ஒரு மத்தியானம், ஏர்மெயில் உறை வந்தது. அவர் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் நின்றுகொண்டே படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். பிறகு என் டைப்ரைட்டர் மேல் வைத்து, படி என்று கையைக் காட்டினார்.

உள்ளே ஒரு போட்டோ இருந்தது. மேகத்துக்குக் கீழே அந்த விமானம் சாய்ந்து பறக்கிறது, கீழே ஆயிரக்கணக்கான தலைகள். கடிதத்தில் பார்லோ எழுதியிருந்தார்: ஜூலையில் முதல் கண்காட்சியில் பறந்தது. இடது வலது என்று நீங்கள் முடிந்து வைத்த ஆணிகளைப் பிரிக்கும்போது உங்களைத்தான் நினைத்தேன். நீங்கள் வரமாட்டேன் என்றது எனக்கு வருத்தம்தான். ஆனால் அதை உங்கள் மொழியிலேயே, நெஞ்சில் கை வைத்து, குட்பை என்று எவ்வளவு பண்பாகச் சொன்னீர்கள். அந்த வார்த்தைக்கு அர்த்தம் உங்கள் ஆபீஸ் நண்பர் பாண்டியன் ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருந்தார். அதனால்தான் மேலும் வற்புறுத்தி உங்களைச் சங்கடப்படுத்தவில்லை. வேறொருவரை வைத்துக்கொண்டோம்.

எனக்கு நிமிர்ந்து அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"துரைக்கு நீயா சொல்லிக் குடுத்த?"

"ஆமா அண்ணாச்சி."

அவர் என்னைத் திட்டவில்லை. ஓங்கி ஓர் அறை அறைந்திருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலை. கடிதத்தை மடித்து உறையில் போட்டார், போட்டோவை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்டூலுக்குப் போய், விட்ட இடத்திலிருந்து மூட்டை எண்ணிக்கையை எழுத ஆரம்பித்தார்.

ஐந்தரை மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். இத்தனை வருஷமும் அந்த வாசலில் அவர் சொல்லிப் போன வார்த்தை எனக்குப் பழக்கம். அன்றைக்கு அது வரவில்லை.

"போறேன்லே பாண்டியா."

எழுந்து வாசலுக்கு ஓடினேன். "அண்ணாச்சி, அப்படிச் சொல்லாதிய. வாரேன்னு சொல்லுங்க."

குடையை விரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார். "அதத்தான் ஒரு தடவ சொல்லிப் பாத்தாச்சேலே."