நீல மூடி கிடந்த இடம்

அக்கா கடற்கரையில் ஒதுங்கும் குப்பையைப் படம் எடுக்கத் தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. தார்ப்பாய் தைக்கும் பட்டறையில் எட்டு மணிக்கு மிஷினில் உட்கார வேண்டும். அதற்கு முன் ஒன்றரை மணி நேரம் கரையோரம் நடப்பாள். ஒற்றைச் செருப்பு, பல் போன சீப்பு, கை இல்லாத பொம்மை, உப்பு அரித்த நாற்காலிக் கால் என்று எது கண்ணில் பட்டாலும் பக்கத்தில் தையல் டேப்பை நீட்டிப் போட்டு, கைப்பேசியில் ஒரே ஒரு படம் எடுப்பாள். பொருளைத் தொட மாட்டாள். தலைகீழாகக் கிடந்தால் தலைகீழாகவே இருக்கும். பாதி புதைந்திருந்தால் பாதிதான் படத்தில் வரும்.

"தொட்டுட்டா அது நான் வச்ச பொருளாயிடும்டா. கடல் வச்ச பொருளா இருக்காது" என்பாள்.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். சான்றிதழைக் கொண்டுவந்து காட்டியபோது அதையும் மேசைமேல் வைத்து, டேப்பைப் போட்டுத்தான் படம் எடுத்தாள். பதினொன்றே முக்கால் அங்குலம். லாரி ஓட்டும் அத்தான் அதைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லடா மச்சான், குப்பைக்கு நடுவுல உனக்கும் ஒரு இடம் கிடைச்சிருக்கு" என்று சிரித்தார். நான் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தப் படத்தை இன்றுவரை எத்தனை பேரிடம் காட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

எங்கள் வட்டாரத்தில் கரைக்குழு என்று ஒரு கைப்பேசிக் குழு உண்டு. அக்காவின் படம் தினமும் அதில் வந்துவிடும். படத்தின் அடியில் நேரமும் இடமும் தானாகவே பதியும். போன மாதம் நகர நூலகத்திலிருந்து ஆள் அனுப்பியிருந்தார்கள். ஒரு சுவர் முழுக்க அக்காவின் படங்களை மாட்டப் போகிறார்களாம், பன்னிரண்டு வேண்டுமாம். பதினொன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். பன்னிரண்டாவதற்கு ஒரு நீலப் பொருளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அந்த வியாழக்கிழமை காலை குழுவில் வந்தது ஒரு நீல மூடி. மீன் போடும் ஐஸ் பெட்டியின் மூடி. கைப்பிடி உடைந்த இடத்தில் சிவப்புச் செருப்பு வாரைத் துளைபோட்டுத் தைத்திருந்தார்கள். வெள்ளை மதிலின் ஓரம், வெயில் சாய்வாக விழ, ஓவியம் மாதிரி இருந்தது. அடியில் ஆறு நாற்பது, வடக்குக் கரை என்று பதிந்திருந்தது.

நான் துறைமுக அலுவலகத்தில் எழுத்தர். எட்டு மணிக்குக் கதவைத் திறக்கும்போதே வாசலில் எதிர்வீட்டு அண்ணி நின்றிருந்தாள். அவள் கணவர், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுபவர், முந்தாநாள் தனியாகப் படகில் மீன்பிடிக்கப் போனவர், நேற்று மாலையே திரும்பியிருக்க வேண்டும். வரவில்லை.

அதிகாரி விவரம் கேட்டார். படகு என்ன நிறம், எவ்வளவு டீசல், பெட்டி என்ன நிறம்.

"நீலம் சார். மூடிக்குக் கைப்பிடி கிடையாது. செருப்பு வாரு வச்சுத் தைச்சிருக்கும்."

காலையில் குழுவில் பார்த்த அதே மூடி. கைப்பேசியை எடுத்து நீட்டினேன். அண்ணி பார்த்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு எடுத்தது?" அதிகாரி கேட்டார்.

"எங்கக்கா சார்."

"அந்த டேப்பு அம்மாவா? எதையும் தொடவே மாட்டாங்களே, அவங்களா?"

"அவங்களேதான் சார்." அந்த நேரத்திலும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அதை மறைத்து எழுத முடியாது.

"அப்ப நம்பலாம்" என்றார் அதிகாரி. எங்கள் துறைமுக வாயிலிலிருந்து கடலுக்குள் நீளமாக ஒரு கல் சுவர் போகிறது. வடக்கே மிதப்பது அதைத் தாண்டித் தெற்கே போகாது, தெற்கே மிதப்பது வடக்கே வராது. மூடி வடக்கே ஒதுங்கியிருந்தால் படகும் வடக்கேதான். இருப்பது ஒரே ஒரு தேடல் படகு. எட்டரைக்கு அது வடக்கே புறப்பட்டது.

பத்தேகாலுக்கு அண்ணி என் மேசைக்கு வந்தாள். "அந்தப் படத்தை இன்னொரு தடவை காட்டு தம்பி."

காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கி, சிவப்பு வாரைத் தடவினாள். "நான்தான் ஊசி கோத்துக் குடுத்தேன். கண்ணு தெரியலடின்னு சொன்னாரு."

வாரின் மடிப்பில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. இன்னும் பெரிதாக்கினேன். கறுப்புப் பருமணல். வடக்குக் கரையில் மாவு மாதிரி வெள்ளை மணல்தான். கறுப்பு மணல் சுவருக்குத் தெற்கே, பாறைப் பக்கம் மட்டும்தான் உண்டு.

அண்ணியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அக்காவுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் பறந்தேன்.

பட்டறையில் இருபது மிஷின் ஓடும் சத்தம். அக்கா மூலை மிஷினில் குனிந்திருந்தாள். போன் பக்கத்திலேயே கவிழ்ந்து கிடந்தது.

"அக்கா, அந்த மூடி எங்க கிடந்துச்சு?"

"படத்துலயே இருக்கே."

"படத்தை விடு. எங்க கிடந்துச்சு?"

மிஷின் நின்றது. "சுவருக்குத் தெற்கே. பாறை இடுக்குல." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "ஒரே இருட்டு. அலை வேற இழுத்துட்டுப் போகப் பார்த்துச்சு. ஒரே ஒரு தடவைதானேன்னு பையில போட்டுக்கிட்டு வடக்கே அந்த வெள்ளை மதிலுக்குக் கொண்டுவந்துட்டேன்."

"படகு வடக்கே போயிருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"ஒன்பது மணிக்கே தெரியும். குழுவுல போட்டாங்க. அக்கா படத்தாலதான் திசை தெரிஞ்சுதுன்னு. அதுக்குக் கீழ நாப்பது பேர் கும்பிட்டிருக்காங்க." அவள் கையிலிருந்த தார்ப்பாயின் ஓரத்தைப் பார்த்தேன். ஒரே தையலின் மேல் நாலைந்து தடவை தைத்து, அது கயிறு மாதிரி தடித்திருந்தது. "சொல்லிடலாம்னு ரெண்டு தடவை எழுந்தேன்டா. தொட்டுட்டேன்னு சொன்னா, அந்த ஆறு வருஷத்தையும் யாரு நம்புவா?"

"அண்ணன் தண்ணியில இருக்காருக்கா."

அவள் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்ததும் என் புத்தி குறுக்கே ஓடியது. "சரி, நானே பேசுறேன். நான்தான் இடத்தைத் தப்பாப் படிச்சுட்டேன்னு சொல்லிடறேன். படிச்சவன் உளறினா மன்னிச்சுடுவாங்க."

"தொட்டது நான்டா" என்று போனை என் கையிலிருந்து பிடுங்கி, அவளே அலுவலகத்துக்கு அடித்தாள். மணி பத்தே முக்கால்.

"சார், டேப்பு அம்மா பேசறேன். அந்த மூடி படத்துல இருக்கிற இடத்துல கிடக்கல. நான் தூக்கிட்டு வந்தேன். கிடந்தது சுவருக்குத் தெற்கே, மூணாவது பாறை. அப்ப மணி ஆறு பத்து."

"நிச்சயமா?" என்றார் அதிகாரி.

"நிச்சயம் சார்."

"இதைக் காலையிலேயே சொல்றதுக்கு என்னம்மா?"

அதிகாரி வயர்லெஸ்ஸில் கத்துவது போனில் கேட்டது. "திருப்பு! தெற்கே! முழு வேகம்!"

போன தூரத்தைத் திரும்பி வரவே தேடல் படகுக்கு ஒரு மணி ஆகிவிட்டது. துறைமுகத்தைத் தாண்டி அது தெற்கே போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தோம். அக்கா பட்டறையிலிருந்து நேராக அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். பெஞ்சில் அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவளே சொன்னாள்.

"அண்ணி, மூடியைத் தூக்கிட்டு வந்து வேற இடத்துல வச்சு எடுத்துட்டேன்."

அண்ணி அவள் பக்கம் திரும்பினாள். "போட்டோ நல்லா வரணும்னா?"

"ஆமா. படகு வடக்கே போனதும் ஒன்பது மணிக்கே தெரியும் அண்ணி. சொல்லாம இருந்துட்டேன்."

அண்ணி எழுந்து பெஞ்சின் மறுகோடிக்குப் போய் உட்கார்ந்தாள்.

இரண்டு மணி ஆயிற்று. வெளியே வெயில் கொளுத்தியது. தண்ணீரும் இல்லாமல் அந்த வெயிலில் ஓர் ஆள் எவ்வளவு நேரம் தாங்குவார் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அக்கா டேப்பை விரலில் சுற்றுவாள், அவிழ்ப்பாள், மறுபடி சுற்றுவாள். அதிகாரி ஒரு முறை, "அம்மா, அதைக் கீழ வைங்க" என்றார். கீழே வைத்தாள். கை தானாக மறுபடி எடுத்தது.

மூன்று இருபதுக்கு வயர்லெஸ் கரகரத்தது. "படகு தெரியுது. கவிழ்ந்து கிடக்கு."

அண்ணி எழுந்து நின்றாள்.

"ஆள்?" என்றார் அதிகாரி.

வெறும் இரைச்சல். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆள்? கேக்குதா? ஆள் இருக்காரா?"

"மேல குப்புறப் படுத்திருக்காரு சார்... இருங்க... கையை ஆட்டுறாரு. கையை ஆட்டுறாரு சார்!"

அண்ணன் எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். முதுகுத் தோல் முழுக்க வெயிலில் வெந்து உரிந்திருந்தது. இன்னும் இரண்டு மணி நேரம் போயிருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

நூலகத்துக்காரர் அந்தப் படத்தைத்தான் நடுவில் மாட்ட ஆசைப்பட்டார். "எங்க கிடந்துச்சுன்னு பார்க்கிறவங்களுக்குத் தெரியவா போகுது?" என்றார். மாட்டச் சொன்ன அக்கா, அடியில் ஒரு காகிதத்தில் தன் கையாலேயே எழுதி ஒட்டினாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவளின் கோணல் எழுத்து. நான் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. 'இது இங்கே கிடக்கவில்லை. சுவருக்குத் தெற்கே கிடந்ததை நான் எடுத்து வந்து வைத்தேன்.'

கண்காட்சி திறந்த அன்று அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். அண்ணன் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "மூடி எங்க தங்கச்சி? படகோட வந்த பெட்டி அங்க திறந்து கிடக்குது" என்றார்.

"வீட்டுல இருக்குண்ணே. சாயங்காலம் கொண்டாந்து தரேன்."

"நல்லா அளந்து பார்த்துட்டே குடு" என்றாள் அண்ணி. அன்றைக்குப் பிறகு அக்காவிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது. பிறகு குனிந்து, காகிதத்தில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தாள். நிமிர்ந்தாள்.

"ஒன்பது மணிக்கே தெரியும்னு எழுதலையே."

அக்கா என் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவி, காகிதத்தைச் சுவரோடு அழுத்திப் பிடித்து எழுதினாள். அவள் முற்றுப்புள்ளி வைக்கும்வரை அண்ணி அங்கேயே நின்றிருந்தாள்.